அக்காவோட மூக்கும் எங்க எருக்கெடங்கும்

முந்துன வருசம் ஐப்பசியில ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல கைய ஊனிக்கிட்டு கேட்டாவ. "ஏ தம்பி, மாடும் உனக்கு, பாலும் உனக்கு, நாத்தம் மட்டும் எங்களுக்கா?"

சிரிச்சிக்கிட்டே தான் கேட்டாவ. ஆனா எங்க பக்கத்துல ஒருத்தர் சிரிச்சிக்கிட்டே ஒண்ணு கேக்காவன்னா, அதுக்கு முன்னாடி பத்து நாளா சிரிக்காம பொறுத்திருக்காவன்னு அர்த்தம். "பாத்துக்கிடுதேன்க்கா"ன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி தான் எங்க எருக்கெடங்க முதல் தடவையா வெளியாளு மாதிரி நின்னு மோந்து பாத்தேன். சவம், கண்ணே கரிச்சிட்டு. தெனமும் அதுலயே கெடந்ததுல எனக்கு மூக்கு பழகிப் போச்சு, அவ்வளவு தான் விசயம்.

நமக்கு ஊரு சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். அப்பா காலத்துல தொழுவுல ரெண்டு நாட்டு மாடு நின்னுச்சு, அதுக்கு அந்தக் கெடங்கு போதும். நான் வெளியூர் வேலைய விட்டுட்டு வந்து, மேலப்பாளையம் சந்தைக்கு வாராவாரம் அலைஞ்சு ஒண்ணு ஒண்ணா சேத்து இப்ப 6 கலப்பின மாடு, 2 கன்னுக்குட்டி. மாடு கூடுனத கணக்கு பாத்தேன், பாலு கூடுனத கணக்கு பாத்தேன், சாணி கூடுனத பாக்கவே இல்ல. ஒரு மாடு ஒரு நாளைக்கு 15 கிலோ போடும்னு வச்சா 6 மாட்டுக்கு 90 கிலோ, வருசத்துக்கு 30 டன்னுக்கு மேல! மூத்திரம் ஒரு மாட்டுக்கு 8, 10 லிட்டர். இதோட தொழு கழுவுற தண்ணி. எல்லாம் அந்த 3 அடி ஆழ ஒரே கெடங்குக்குள்ள. ஐப்பசி மழை ஒண்ணு ஊத்துச்சுன்னா அது எருக்கெடங்கு இல்ல, ரசச்சட்டி. பொங்கி வழிஞ்சு அக்கா வீட்டு வாசல் ஓடையில போயி நின்னு, அங்கேருந்து வாய்க்காலுக்குப் போவும். அந்த வாய்க்கால்ல தான் கீழ படித்துறையில ஆளுங்க குளிக்காவ. இத எழுத எனக்கே கூச்சமா தான் இருக்கு.

மறுநாளு நான் செஞ்ச முதல் காரியம் எல்லாரும் செய்ற காரியம், கடைக்குப் போயி ஃபினாயில் வாங்கிட்டு வந்து ஊத்துனது. ஃபினாயில் ஊத்துனா சாணி நாத்தம் போவாது, ஃபினாயில் ஊத்துன சாணி நாத்தம் வரும். அப்புறம் பிளீச்சிங் பவுடர். அது சாணி மாதிரி ஒரு பொருளுக்கு முன்னாடி நிக்கவே நிக்காது, அதுல இருக்க குளோரின் கிருமியத் தொடுறதுக்கு முன்னாடியே சாணியோட மல்லுக்கட்டித் தீந்து போவும், போதாக்குறைக்கு மூத்திரத்துல வர்ற அமோனியாவோட சேந்தா நெஞ்சு அடைக்கிற மாதிரி வேற ஒரு புகை வரும், யாரும் அத செஞ்சு பாக்காதீய. மூணாவதா, மொச்சை நாத்தம் புடிச்ச இடத்துல சுண்ணாம்பு போடணும்னு யாரோ சொன்னத நம்பி ஒரு மூட்டை சுண்ணாம்பத் தட்டுனேன் பாருங்க, அன்னைக்கு அக்கா மதில் பக்கமே வரல. நேரா எங்க வாசலுக்கே வந்துட்டாவ.

சுண்ணாம்பு போட்டா ஏன் நாத்தம் கூடுச்சுன்னு எனக்கு அப்ப தெரியல. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில படிக்கான், அவன்ட்ட போன்ல கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சான். "மாமா, நீங்க போட்டது தப்பில்ல, ஆனா நீங்க தீக்க நெனைச்ச பிரச்சினை வேற"ன்னான். அவன் சொன்னது இது தான். மூத்திரத்துல இருக்கது யூரியா. யூரியாவுக்கு வாடையே கெடையாது. சாணியில இருக்க பாக்டீரியாகிட்ட யூரியேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது பட்டதும் யூரியா உடைஞ்சு அமோனியா ஆவுது, கண்ணக் கரிக்கிறது அது தான். தண்ணி கொஞ்சம் புளிப்பா இருந்தா அமோனியா தண்ணியிலயே கெடக்கும், காரமாச்சுன்னா வாயுவாகிக் கெளம்பிரும். சுண்ணாம்பு போட்டா காரம் ஏறுது, அதனால மொத்த அமோனியாவும் ஒரே நேரத்துல எந்திச்சு அக்கா வீட்டுக்குப் போயிட்டு. ஆனா பி.ஹெச்ங்கிற கார அளவு 12 வரைக்கும் ஏறுற அளவுக்கு சுண்ணாம்பு போட்டா அதுல பெரும்பாலான பாக்டீரியா செத்துரும். நாத்தம் உச்சத்துல இருந்த அந்த நேரத்துல தான் கிருமி செத்துக்கிட்டு இருந்திருக்கு.

இந்த ஒரு விசயம் எனக்கு மண்டையில ஆணி அடிச்ச மாதிரி ஏறிட்டு. நாத்தம் வேற, கிருமி வேற. நாத்தம் போச்சுன்னா சுத்தமாயிட்டுன்னு நம்ம மூக்கு சொல்லும், அது பொய். நாறுது, அதனால நோய் வரும்னும் சொல்லும், அதுவும் பாதி பொய். ரெண்டுக்கும் தனித்தனி வைத்தியம். இது தெரியாம நான் ரெண்டு மாசம் கடைக்காரருக்கு காசு கொடுத்துக்கிட்டு இருந்தேன். "நுண்ணுயிர் கரைசல்"னு ஒரு பாட்டில் கூட வாங்குனேன், வேலை செஞ்சுச்சா இல்லையான்னு கேட்டா, அந்த வாரம் மழையும் நின்னு போச்சு, யாருக்கு மார்க் போடுறதுன்னு தெரியல.

சரி, முதல்ல நாத்தத்துக்கு வருவோம். யூரியாவும் சாணியும் சேந்தா தான அமோனியா, சேர விடாம பிரிச்சா? இதக் கண்டுபிடிச்சிட்ட பெருமையில ஆச்சிகிட்ட போயி சொன்னேன். எங்க ஆச்சிக்கு 86 வயசு, காது கொஞ்சம் மந்தம், வாய் மந்தமில்ல.

"எய்யா, இத கண்டுபிடிக்கவா காலேஜ் பையனுக்கு போன் போட்ட? எங்க காலத்துல விடியக்காலம் கோழி கூவும் முன்ன சாணிய அள்ளிருவோம். சாயந்தரம் தொழுவுல செம்மண்ணு விரிப்போம். மூத்திரத்த மண்ணு குடிச்சிரும். எட்டு நாளைக்கு ஒருக்க அந்த மண்ண வெட்டி எருவோட போட்டுட்டு புது மண்ணு. நீ சிமிட்டித் தளம் போட்ட, மண்ண மறந்துட்ட."

அதே தான். மூத்திரம் குடிச்ச மண்ணு எருவுக்கு எவ்வளவு நல்லதுன்னு ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூர்ல இருந்து 1920கள்ல உரம் மக்க வைக்கிற முறையை உருவாக்கும்போது அதையும் ஒரு சரக்கா சேத்திருக்காரு. அவரு நம்ம ஊரு சம்சாரிங்க செய்றதப் பாத்துத் தான் பாதி படிச்சாரு. நம்ம என்னடான்னா சிமிண்ட் தளம் போட்டதும் ஹோஸ் பைப்ப எடுத்துட்டோம், எதுக்கெடுத்தாலும் தண்ணி அடிச்சு கழுவு. தண்ணி கூடக் கூட சாணிக் கரைசல் கூடுது, கரைசல் கூடக் கூட நாத்தம் கூடுது.

கொத்தனாரக் கூப்பிட்டு தளத்துக்கு வாட்டம் கொடுத்து, பின்னங்கால் பக்கம் ஒரு சின்ன வாமடை மாதிரி ஓடை வச்சு, மூத்திரம் தனியா ஒரு பேரலுக்குப் போற மாதிரி செஞ்சோம். பேரலுக்கு மூடி. சாணிய ஹோஸ் போடுறதுக்கு முன்னாடி மம்பட்டியால வழிச்சு கடவாப்பெட்டியில அள்ளிருவோம். கழுவுற தண்ணி பாதியாக் குறைஞ்சிட்டு, அந்தத் தண்ணிய கோ-4 தீவனப் புல்லு நட்ட பாத்திக்குத் திருப்பி விட்டாச்சு, வாய்க்காலுக்கு ஒரு சொட்டு போறதில்ல. ஒரே வாரத்துல கண்ணு கரிக்கிறது நின்னுச்சு. பழைய வேளாண் அலுவலருங்க சாணி மேல சூப்பர் பாஸ்பேட் தூவச் சொல்வாவ, பயிருக்கு மணிச்சத்து சேக்கத்தான்னு நெனைச்சிருந்தேன், அது அமோனியாவயும் ஓரளவு புடிச்சு வைக்கும். டென்மார்க்ல கரைசல் தொட்டியில கந்தக அமிலமே ஊத்தி புளிப்பாக்கி அமோனியாவ அடக்குதாங்க. நமக்கு அந்த வெளையாட்டு வேண்டாம், ஆச்சியோட செம்மண்ணு போதும்.

இன்னொரு கணக்கு சொல்லணும், இது தான் எனக்கு வயித்தெரிச்சல். ஒரு நாளைக்கு 50 லிட்டர் மூத்திரம், அதுல உத்தேசமா 1 சதம் நைட்ரஜன்னா அரைக் கிலோ. வருசத்துக்கு 180 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில 46 சதம், அதாவது 20 கிலோ சொச்சம் தான் நைட்ரஜன். அப்ப வருசம் 8, 9 மூட்டை யூரியாவுக்கு சமமானத நான் அக்கா மூக்குக்கு அனுப்பிட்டு, பிசான நெல்லுக்கு மூட்டை 266 ரூபா 50 காசுன்னு சொசைட்டி வாசல்ல வரிசையில நின்னுருக்கேன். அம்புட்டும் ஆவியாயிருக்காது தான், ஆனா திறந்து போட்ட எருவுல பாதி வரைக்கும் கூட போயிரும். கிடை போடுற கீதாரிங்கள பாத்திருக்கீயளா, ராத்திரி ஆடு படுத்த வயல மறுநாளே உழுதுரணும்னு ஒத்தக்கால்ல நிப்பாவ. வெயில்ல கெடந்தா சத்து போயிரும்பாவ. அமோனியாங்கிற பேரு அவியளுக்குத் தெரியாது, அது எங்க போவுதுன்னு தெரியும்.

கண்ணு கரிக்கிறது போனப்புறம் தான் அடியில இருந்த அடுத்த நாத்தம் வெளிய தெரிஞ்சுது. அழுவுன முட்டை வாடை, ஊசிப் போன வெண்ணெய் வாடை, எல்லாம் கலந்து ஒரு குமட்டல். இது காத்து இல்லாததுனால வர்றது. தண்ணி தேங்குன கெடங்குல காத்து உள்ள போவாது, அப்ப காத்து வேண்டாத பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, பியூட்ரிக் அமிலம், ஸ்கடோல்னு ஒவ்வொண்ணா வெளிய விடும். ஸ்கடோலுக்குப் பேரே கிரேக்கத்துல சாணத்துக்கு உள்ள வார்த்தையில இருந்து வந்தது தான். காத்து உள்ள போச்சுன்னா வேற கூட்டம் வேலைக்கு வரும், அது விடுறது கரியமில வாயு, தண்ணி, சூடு. அந்த சூட்டுல தான் கிருமி வைத்தியமே இருக்கு.

அதனால கெடங்க மூடிட்டேன், குவியலுக்கு மாறியாச்சு. மேடான இடத்துல, தண்ணி நிக்காம. சாணி தனியா போட்டா அடைச்சு நிக்கும், காத்து போவாது, அதுக்கு வைக்கோல் வேணும். சாணியில கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 20, 25க்கு 1 சுமாருக்கு இருக்கும், வைக்கோல்ல 70, 80 வரைக்கும் போவும். குவியலுக்கு வேண்டியது 25ல இருந்து 30. மாடு தின்னு கழிச்ச கூளம், படப்புக்கு அடியில நனைஞ்ச வைக்கோல், வாழைச் சருகு எல்லாத்தையும் சாணியோட அடுக்கு அடுக்கா. ஈரம் 50, 60 சதம் இருக்கணும்பாங்க, அத அளக்க மிஷின் வேண்டாம், கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், ஒழுகவும் கூடாது, உதிரவும் கூடாது. 4 அடி உயரமாவது இருக்கணும், சின்னதா போட்டா சூடு நிக்காது. நான் முதல்ல போட்டது 2 அடி. அது ஒரு சுகமான கோழிப் பண்ணையா தான் இருந்துச்சு, கோழி வந்து கிண்டிட்டுப் போச்சு, சூடு 40ஐ தாண்டல.

ரெண்டாவது குவியல் தான் குவியல். மூணாம் நாளு விடியக்காலம் மேல லேசா ஆவி பறந்துச்சு, பொங்கல் பானை மாதிரி. ஒரு இரும்புக் கம்பிய சொருகி அஞ்சு நிமிசம் கழிச்சு உருவிப் புடிச்சேன், கையில வச்சிருக்க முடியல. ஆச்சிக்கு அது போதும், எனக்குப் போதல, நீளக் கம்பி வச்ச தெர்மாமீட்டர் ஒண்ணு ஆன்லைன்ல வாங்குனேன். நாலாம் நாளு 57, ஆறாம் நாளு 63. வீட்டுல எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாத்தாவ. காலையில எந்திச்சு பிள்ளைக்கு காய்ச்சல் இருக்கான்னு பாக்க மாதிரி குவியலுக்கு காய்ச்சல் பாத்துக்கிட்டு இருந்தேன், எம் பொண்டாட்டி "அதுக்கு ஒரு பேரு வச்சிருங்க"ன்னுட்டா.

கிருமி சாவ குவியல் 55 டிகிரிய தாண்டணும்பாங்க, அந்த நம்பர் சும்மா வந்ததில்ல. அமெரிக்காவுல திறந்த வெளியில நீளக் குவியலா போடுறதுக்கு ஒரு விதி வச்சிருக்காங்க, 55 டிகிரிக்குக் குறையாம 15 நாளு, அந்த 15 நாளுக்குள்ள குறைஞ்சது 5 தடவை பெரட்டணும். ஈ.கோலை, சால்மோனெல்லா, குடற்புழு முட்டை, இதுல அடங்கும். களை விதையும் பெரும்பாலும் வெந்து போவும், அதுக்காகவே செய்யலாம், பச்சைச் சாணிய அடிச்சுட்டு வயல்ல களை பறிக்க ஆளு தேடுறத விட இது லேசு.

இந்த "5 தடவை"ல தான் எல்லாரும் ஏமாத்துவோம். நடுவுல 60 இருக்கும்போது ஓரத்துல அரை அடிக்கு 38 தான் இருந்துச்சு, நான் பல இடத்துல குத்திப் பாத்தேன். அந்த ஓரத்துல கெடக்க கிருமிக்கு ஒண்ணும் ஆவல, ஜாலியா இருக்கும். வெளிய இருக்கத உள்ள தள்ளி, உள்ள இருக்கத வெளிய எடுத்து, எல்லாக் கைப்பிடியும் ஒருக்கவாவது நடுவுக்குப் போயி வேவணும். இடுப்பு ஒடிஞ்சிரும், உண்மையச் சொல்லிருதேன். ஆளு வச்சா கூலி, ஜே.சி.பி வச்சா வாடகை. எங்க தொழுவுல வேலைக்கு நிக்க அண்ணனும் நானும் ரெண்டு பேரும் தான் பெரட்டுதோம், விடியக்காலம் 5 மணிக்கு, ஏன்னா முதல் ரெண்டு பெரட்டுல அடைஞ்சு கெடந்த நாத்தம் ஒரு அரைமணி நேரம் வெளிய வரும். அக்காகிட்ட முன்னக்கூட்டியே சொல்லிருதேன், "நாளைக்குக் காலையில சன்னல சாத்திக்கிடுங்கக்கா"ன்னு. ஆனி ஆடியில மேல்காத்து அடிக்கும்போது அவிய வீடு எங்களுக்கு நேர் கிழக்க, அந்த ரெண்டு மாசம் சொல்லாம ஒரு மம்பட்டி கூட தூக்குறதில்ல.

பெரட்டுறதுல இன்னொரு லாபம் ஈ. நம்ம ஊரு சூட்டுல வீட்டு ஈ முட்டையில இருந்து பறக்கிற வரைக்கும் 7ல இருந்து 10 நாளு தான். அதுக்குள்ள ரெண்டு தடவை பெரட்டுனா புழு பூரா நடுச்சூட்டுல மாட்டிக்கிடும்.

மம்பட்டி விசயம் ஒண்ணு. மக்குன எருவ அள்ளுறதுக்கும் பச்சைச் சாணி அள்ளுறதுக்கும் ஒரே மம்பட்டிய தான் வச்சிருந்தோம். 15 நாளு வேவ வச்சு சுத்தமாக்குனதுல மறுபடி பச்சைச் சாணிய நம்மளே கையால கலக்குறோம். சால்மோனெல்லாவுக்கு கொஞ்சம் ஈரமும் போட்டியில்லாத இடமும் கெடைச்சா திரும்ப பெருகும். இப்ப செவப்பு பெயிண்ட் அடிச்ச புடி பச்சைச் சாணிக்கு, பச்சை பெயிண்ட் அடிச்ச புடி மக்குன எருவுக்கு. "பச்சைக்கு செவப்பு, மக்குனதுக்குப் பச்சையா, என்னவே கணக்கு"ன்னு அண்ணன் இன்னைக்கு வரைக்கும் கேக்காரு. நியாயமான கேள்வி தான், பெயிண்ட் காய்ஞ்சப்புறம் தான் எனக்கும் தோணுச்சு.

சாணிய வறட்டியா தட்டிக் காய வச்சா போதாதா, வெயில் கிருமியக் கொல்லாதான்னு கேப்பீய. காய்ஞ்ச வறட்டியில ஒரே நாளுல வாடை போயிரும், மூக்கு திருப்தியாயிரும். ஆனா சாணிக்குள்ள ஈ.கோலை வாரக்கணக்குல, சில நேரம் மாசக்கணக்குல கூட உயிரோட கெடக்கும். வெயிலு மேல்தோலத் தான் தொடுது. அடுப்புல எரிக்கதுக்குன்னா கவலையில்ல, கீரைப் பாத்தியில நொறுக்கிப் போடுறதுக்குன்னா யோசிக்கணும்.

கீரைன்னதும் ஞாபகம் வருது, இதுக்கு எனக்கு திட்டு விழும்னு தெரிஞ்சே எழுதுதேன். ஜீவாமிர்தம் நானும் போடுதேன். 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, 200 லிட்டர் தண்ணி. அது நுண்ணுயிர பெருக்குறதுக்கான வேலை, கொல்றதுக்கான வேலை இல்ல. நல்லது பெருகுற அதே வெல்லத் தண்ணியில கெட்டதும் பெருகலாம். மண்ணுல ஊத்து, வாழைக்கு ஊத்து, நெல்லுக்குப் பாயிற தண்ணியில விடு. ஆனா நாளைக்குப் பறிக்கப் போற அரைக்கீரை மேல, மல்லித்தழை மேல இன்னைக்குத் தெளிச்சா, அத நாம பச்சையா சட்னிக்கு அரைக்கோம்ல? அமெரிக்க ஆர்கானிக் விதியில பச்சை எரு போட்டா, விளைச்சல் மண்ணுல படுற பயிருன்னா அறுப்புக்கு 120 நாளு, படாத பயிருன்னா 90 நாளு இடைவெளி விடணும்னு இருக்கு. நம்ம கீரைக்கு மொத்த ஆயுசே 25, 30 நாளு. அப்ப கீரைக்குப் பச்சை எரு கெடையவே கெடையாதுன்னு தான அர்த்தம். வேவ வச்ச எரு மட்டும்.

இதே மாதிரி வாட்ஸ்அப்புல "சாணி ஒரு கிருமிநாசினி"ன்னு வாரத்துக்கு ஒருக்க வருது. வாசல்ல சாணி தெளிக்கது எனக்குப் பிடிக்கும், அந்த வாடையும் பிடிக்கும், எங்க வீட்டுல மார்கழி பூரா தெளிக்கோம். அது வேற. ஆனா சாணிங்கிறது பாக்டீரியா மூட்டை. முன்னாடி பிறந்த பிள்ளை தொப்புள்ல சாணியும் சாம்பலும் வச்சதுல எத்தனை பிள்ளை வலிப்பு வந்து போயிருக்கு, அந்த ஜன்னிக்குப் பேரு டெட்டனஸ். கர்ப்பிணிக்கு ஊசி, ஆஸ்பத்திரிப் பிரசவம்னு வந்து, பிரசவத்துல வர்ற டெட்டனஸ ஒழிச்ச நாடுன்னு 2015ல தான் நமக்குப் பேரு கெடைச்சது. அந்த டெட்டனஸ் கிருமி வித்து 60 டிகிரிக்கு எல்லாம் சாவாது, அது ஒரு ஓட்டுக்குள்ள தூங்கும். என்னோட 63 டிகிரி குவியல் அதுக்கு வெந்நீர்க் குளியல் மாதிரி. போன தையில குவியல் பெரட்டும்போது வைக்கோலோட வந்த உடைமுள்ளு ஒண்ணு செருப்பத் தாண்டி உள்ளங்கால்ல ஏறிட்டு, நேரா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயி டி.டி. ஊசி போட்டுட்டு தான் மத்த வேலை. இப்ப அண்ணனுக்கும் எனக்கும் முட்டி வரைக்கும் கம்பூட். அவரு போடுறதில்ல. தெனமும் சண்டை.

சாண எரிவாயு பத்தி எழுதலன்னா பெரியப்பா கோவிச்சுக்கிடுவாவ. அவிய வீட்டுல இரும்பு டிரம் மிதக்கிற பழைய மாடல் ஒண்ணு இருந்துச்சு, 1980கள்ல மானியத்துல வந்தது. டிரம் துருப்புடிச்சு ஓட்டை விழுந்து, அதுக்கு மேல அவரைக்கொடி படர விட்டு, ரொம்ப நாளு கதை முடிஞ்சு கெடந்துச்சு. அதப் பாத்துத் தான் நான் இரும்பே வேண்டாம்னு, மண்ணுக்குள்ள செங்கல் கூடு கட்டுற தீனபந்து மாடல்ல 2 கன மீட்டர்ல ஒண்ணு கட்டுனேன். ஒரு நாளைக்கு 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணி, உள்ள 40 நாளு தங்கும். காலையில காபி, மாட்டுக்குக் கஞ்சி, சோறு வடிக்கிறது வரைக்கும் ஓடுது. நாத்தத்துக்கு இதுக்கு மேல ஒரு வைத்தியம் இல்ல, ஊசின வெண்ணெய் வாடை குடுக்குற அமிலத்தை எல்லாம் உள்ளேயே தின்னு மீத்தேன் ஆக்கிருது, வெளிய வர்ற கரைசல்ல மண்ணு வாடை தான் அடிக்கும். அக்காவே ஒருநாள் எட்டிப் பாத்துட்டு "இது சாணி தானா"ன்னு கேட்டாவ.

ஆனா இங்கயும் அதே கதை. உள்ள சூடு 30 டிகிரி சுமாரு. கிருமி கணிசமா குறையும், பத்துல ஒம்பது பங்கு குறையுதுன்னு வைங்க, கோடிக்கணக்குல இருக்கதுல ஒம்பது பங்கு போனாலும் மிச்சம் லட்சக்கணக்கு. அதனால கரைசல்ல ஒரு பங்கு புல்லுக்குப் பாயும், மிச்சத்தை மணல் பாத்தியில வடிய விட்டு அந்தச் சக்கைய வைக்கோலோட சேத்து திரும்பவும் குவியலுக்கு அனுப்பிருதேன். நாத்தத்துக்கு எரிவாயுக் கலம், கிருமிக்கு குவியல். மண்புழு போடணும்னாலும் குவியல் முடிஞ்சப்புறம் தான், பச்சைச் சாணி சூட்டுல புழு செத்துரும், சூடே இல்லாம நேரா புழுகிட்ட விட்டா கிருமிக்கு உத்தரவாதம் இல்ல.

பெரியப்பாவோட பழைய குழிய மூட முடிவு பண்ணப்ப ஒண்ணு நடந்துச்சு. உள்ள ஒரு ஆள் உயரத்துக்கு பழைய கரைசல் கெடந்துச்சு. நான் குனிஞ்சு மோந்துட்டு, "முதல்ல அழுவுன முட்டை வாடை வந்துச்சு, இப்ப ஒண்ணுமில்ல, போயிட்டு போல, இறங்கிரலாம்"னேன். எரிவாயுக் கலம் கட்ட வந்த கொத்தனாரு எம் சட்டைய புடிச்சு பின்னால இழுத்துட்டாரு. "அண்ணாச்சி, வாடை போகல, உம்ம மூக்கு போயிட்டு." ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமா இருந்தா நாறும், காத்துல 10 லட்சத்துக்கு 100 பங்குங்கிற அளவுக்கு ஏறுச்சுன்னா கொஞ்ச நேரத்துலயே மோந்து பாக்குற நரம்பு மரத்துரும், அதுக்கு மேல போனா ஆளு விழுந்துருவாரு, காப்பாத்த இறங்குற ரெண்டாவது ஆளும் விழுவாரு. தொட்டிக்குள்ள இறங்கி ரெண்டு பேரு மூணு பேருன்னு சேந்தாப்ல போற செய்தி எல்லாம் இதே கதை தான். தீக்குச்சி கிழிச்சுப் பாக்கதும் கூடாது, மீத்தேன் இருக்கும். யாரும் இறங்கல. மோட்டார் வச்சு மேல இருந்தே உறிஞ்சி எடுத்துட்டு, மண்ணக் கொட்டி மூடியாச்சு. அவரைக்கொடிய பெரியம்மா இடம் மாத்தி வச்சிட்டாவ.

அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. நாத்தம் நின்னுட்டேன்னு நான் சந்தோசப்பட்ட அந்த நிமிசத்தையே திரும்பத் திரும்ப நெனைச்சிக்கிட்டு கெடந்தேன்.

அக்கா இப்ப சாணி பத்தி ஒண்ணும் சொல்றதில்ல. புல்லு வெட்டுற மிஷின் சத்தம் மத்தியானம் தூங்க விட மாட்டேங்குன்னு போன வாரம் மதில் மேல கைய ஊனிக்கிட்டு சொன்னாவ, சிரிச்சிக்கிட்டே.

இன்னைக்குக் காலையில குவியல் 58. நாளைக்கு நாலாவது பெரட்டு. மேற்க மலையில கருக்கல் கட்டி நிக்கு, தார்ப்பாயில எலி கடிச்ச ஓட்டை ஒண்ணு இருக்கு, அத ஒட்டிட்டு தான் படுக்கணும்.